பட்டறைக் கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்க நானோ ஸ்பாஞ்ச்: முழுமையான வழிகாட்டி

பெங்களூரு பீன்யாவில் லேத், சி.என்.சி., கிரைண்டிங் பட்டறை நடத்துகிறவர்களிலும் அங்கே வேலை பார்க்கிறவர்களிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர். இவர்களிடம் நானோ ஸ்பாஞ்ச், அதாவது எண்ணெயைக் குடித்து தண்ணீரைத் தள்ளும்படி நுண்துகள் பூச்சு ஏற்றிய ஃபோம், விற்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வித்தையைத்தான் காட்டுவார்கள். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், மேலே கொஞ்சம் எஞ்சின் ஆயில், அதில் ஒரு கறுப்பு ஸ்பாஞ்சை விட்டு எடுத்தால் தண்ணீர் பளிச்சென்று ஆகிவிடும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் உறிஞ்சும். ஆனால் உங்கள் பட்டறைத் தண்ணீரில் சோப்பு இருக்கிறது, இரும்புத் துகள் இருக்கிறது, வெட்டும்போது சூடு தணிக்க ஊற்றும், பால் மாதிரி கலந்துபோன கூலன்ட் இருக்கிறது. அந்தத் தண்ணீரில், பத்தாவது முறை பிழிந்த பிறகும் ஸ்பாஞ்ச் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி. முதல் முறை எவ்வளவு குடித்தது என்பதை வைத்து யாரும் காசு கொடுக்கக் கூடாது.

கழிவுநீரோடு எண்ணெயை வெளியே விடுவது வெறும் சட்டப் பிரச்சினை இல்லை. பீன்யா பக்கத்துக் கழிவு கணிசமாக விருஷபாவதி ஆற்றில் சேர்கிறது, அது பைரமங்கலா ஏரி வழியாக அர்க்காவதியில் கலக்கிறது, அர்க்காவதி கனகபுரா தாண்டி சங்கமாவில் காவிரியில் விழுகிறது. அதற்குக் கீழே மேட்டூர். இங்கே வாய்க்காலில் விட்டது எந்த ஊர்ப் பக்கம் போகிறது என்று நம் ஆட்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் உங்கள் தண்ணீரைப் பாருங்கள்

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு லிட்டர் கழிவுநீரை நிறமில்லாத கண்ணாடி பாட்டிலில் பிடித்து, ஆடாத இடத்தில் ஒரு நாள் வையுங்கள். செலவே இல்லாத இந்தச் சோதனைதான் இந்த வழிகாட்டியிலேயே அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும்.

ஒரு நாள் கழித்து மேலே தெளிவான எண்ணெய்ப் படலமும் கீழே ஓரளவு தெளிந்த தண்ணீரும் இருந்தால், உங்களிடம் இருப்பது பெரும்பாலும் தனி எண்ணெய். ஸ்பாஞ்சுக்கு இது சுலபமான வேலை. தண்ணீர் அப்படியே வெள்ளையாக, பால் கலந்ததுபோல நின்றால் எண்ணெய் மிகச் சிறிய துளிகளாகச் சிதறி, கூலன்டில் உள்ள சோப்பு போன்ற சேர்மானம் ஒவ்வொரு துளியையும் போர்த்தி வைத்திருக்கிறது என்று பொருள். அங்கே ஸ்பாஞ்சை மட்டும் போட்டால் ஒன்றும் நடக்காது.

துளியின் அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. தண்ணீரில் எண்ணெய்த் துளி மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளி ஒரு மீட்டர் ஏற சுமார் 10 நிமிடம் போதும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 மைக்ரான் துளிக்கு அதே ஒரு மீட்டர் ஏற 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு மைக்ரான் துளியை ஐந்து மாதம் காத்திருந்தாலும் மேலே பார்க்க முடியாது. சுத்திகரிப்பு ஆலைகளில் இருக்கும் பழைய பாணி எண்ணெய்ப் பிரிப்புத் தொட்டிகள் 150 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துளிகளைக் கணக்கில் வைத்துத்தான் கட்டப்பட்டவை. அதற்குக் கீழே உள்ள துளிகளுக்குத்தான் நானோ சமாச்சாரம் தேவைப்படுகிறது. மேலே தானாக மிதக்கும் எண்ணெய்க்கு, சுழலும் பட்டையில் எண்ணெயை ஒட்டவைத்து வாரும் பெல்ட் ஸ்கிம்மர் போதும், அதற்குப் போய் நானோவில் காசைப் போடாதீர்கள்.

கூலன்ட் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள். முழு சிந்தெடிக் கூலன்டில் கனிம எண்ணெயே கிடையாது, எல்லாம் தண்ணீரில் கரைந்த ரசாயனம். அந்தத் தண்ணீரில் இருக்கும் எண்ணெய் மெஷினின் ஸ்லைடுவே (பாகங்கள் சறுக்கி ஓடும் தடம்), ஹைட்ராலிக் பக்கமிருந்து கசிந்தது மட்டும்தான். அதை ஸ்பாஞ்ச் எடுக்கும், கரைந்திருக்கும் ரசாயனத்தை எந்த ஸ்பாஞ்சும் எடுக்காது.

எந்தத் தண்ணீருக்கு இது நன்றாகப் பொருந்தும்

என் கருத்தில் சின்னப் பட்டறைக்கு நானோ ஸ்பாஞ்ச் மிக நன்றாகப் பொருந்தும் இடம் கம்ப்ரஸரிலிருந்து வடியும் தண்ணீர். எண்ணெய் ஊற்றிய ஸ்க்ரூ கம்ப்ரஸர் வைத்திருந்தால் தினமும் டிரெய்ன் வால்வில் எண்ணெய் கலந்த தண்ணீர் வரும். அளவு குறைவு, பெரும்பாலும் சோப்பு கிடையாது, பல இடங்களில் அதை நேராகத் தரையில் விடுகிறார்கள். இரண்டாவதாக, சோப்பு போடாமல் பாகங்களை அலசிய தண்ணீர். மூன்றாவது, மழை நாளில் ஆயில் டிரம் வைத்த இடத்திலிருந்து ஓடி வரும் தண்ணீர்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவர், ஆபரேட்டர், என்னிடம் கேட்டார்: “அண்ணா, இந்த ஸ்பாஞ்சை சம்புக்குள்ள போட்டு வெச்சா திங்கட்கிழமை நாத்தம் போயிடுமா?” நல்ல கேள்வி. சம்பு என்றால் மெஷினின் கூலன்ட் நிற்கும் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை மெஷின் நின்றதும் ஸ்லைடுவே ஆயில் கூலன்ட் மேல் மூடி போட்டதுபோலப் படர்ந்து விடுகிறது, கீழே காற்று போகாமல் காற்றில்லாமல் வாழும் கிருமிகள் பெருகுகின்றன, திங்கள் காலை மெஷினை ஓட விட்டதும் அழுகிய முட்டை வாசம் தூக்கும். அந்த மேல் படலத்தை எடுத்தால் நாற்றம் குறையும் என்பது உண்மை. ஆனால் கூலன்டில் இருக்கும் சோப்புச் சேர்மானம் கொஞ்ச நாளில் ஸ்பாஞ்சின் மேல்பூச்சில் ஒட்டிக்கொண்டு, தண்ணீரையும் குடிக்க விட்டுவிடும். ஆகவே சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து படலம் சேர்ந்ததும் பத்து நிமிடம் ஸ்பாஞ்சை விட்டு எடுக்கலாம், வாரம் முழுக்க ஊறப் போடக் கூடாது.

ஹோட்டல், மெஸ் வைத்திருப்பவர்களும் இதைக் கேட்கிறார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரில் சோப்பும் சோற்றுப் பருக்கையும் இருப்பதால் இது வேண்டாம். எண்ணெய் தங்கி நிற்கும் கிரீஸ் டிராப் தொட்டி கட்டி, ஒழுங்காக வாரி எடுங்கள்.

பால் நிறத் தண்ணீரை முதலில் உடைக்க வேண்டும்

ஒரு எச்சரிக்கையோடு ஆரம்பிக்கிறேன். உங்கள் தொட்டியில் பிளேட்டிங் (உலோக முலாம் பூசும்) தண்ணீர் கலக்க வாய்ப்பிருந்தால் அமிலம் ஊற்றும் எண்ணமே வேண்டாம். சயனைடு இருந்தால் அமிலம் பட்டதும் உயிரை எடுக்கும் வாயு கிளம்பும். அழுகிய முட்டை வாசம் அடிக்கும் கூலன்டிலும் அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், மூடிய அறையில் அதுவும் ஆபத்துதான்.

பாதுகாப்பான வழி படிகாரம். 100 கிராம் படிகாரத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு லிட்டராக்கிக் கொள்ளுங்கள். இதில் ஒரு மில்லி எடுத்து ஒரு லிட்டர் கழிவுநீரில் விட்டால் லிட்டருக்கு 100 மில்லிகிராம் போட்ட கணக்கு. ஆறு பாட்டிலில் ஒரு லிட்டர் வீதம் கழிவுநீர் எடுத்து, ஒன்றுக்கு 2 மில்லி, அடுத்ததற்கு 5, அப்புறம் 10, 20, 30, 40 என்று விடுங்கள். ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, அரை மணி நேரம் வையுங்கள். எந்தப் பாட்டிலில் தண்ணீர் தெளிந்து கட்டி தனியாகப் பிரிகிறதோ அதுதான் உங்கள் அளவு. பி.எச். காகிதத்தில் பார்த்து ஆறுக்குக் கீழே இறங்கியிருந்தால் கொஞ்சம் சுண்ணாம்பு நீர் விட்டு ஆறரை, ஏழுக்குக் கொண்டு வாருங்கள், பல சமயம் அப்போதுதான் கட்டி பிடிக்கும். கூலன்ட் பிராண்டை மாற்றினால் இந்தச் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், பக்கத்துப் பட்டறை அளவு உங்களுக்கு ஒத்து வராது.

கூலன்டை அப்படியே கொட்டுகிற நாளில் இந்த அளவுகள் எதுவுமே போதாமல் போகலாம், ஏனென்றால் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை எண்ணெய் இருக்கும். அதைக் கழிவுநீரோடு கலக்காமல் தனி டிரம்மில் வைத்து, அங்கீகாரம் உள்ளவர்களிடம் கொடுத்துவிடுவதே மேல்.

கட்டி பிரிந்த பிறகு துணி வடிகட்டியில் வடியுங்கள். இரும்புத் துகள், கிரைண்டிங் சேறு எதுவும் ஸ்பாஞ்ச் வரை போகக் கூடாது. ஸ்பாஞ்சை எண்ணெய் கெடுப்பதை விட இந்தச் சேறுதான் சீக்கிரம் கெடுக்கிறது, துளைகள் அடைத்துக்கொண்டால் எவ்வளவு பிழிந்தாலும் வராது.

பொருளைத் தேர்ந்தெடுப்பது

சந்தையிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருப்பவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை எண்ணெயை இழுத்து, தண்ணீரைத் தள்ளும் ஸ்பாஞ்ச். சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் அல்லது மெலமைன் ஃபோம் மீது கிராஃபீன், சிலிகா, இரும்பு ஆக்சைடு போன்ற நானோ துகள்களையும் மெழுகுத்தன்மை கொண்ட ஒரு பூச்சையும் ஏற்றுகிறார்கள். தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கும் இதே காரணம்தான்: நுண்ணிய மேடுபள்ளமும் அதன் மேல் மெழுகும். இதை பார்த்லாட், நைன்ஹுயிஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர்கள் 1997-ல் விளக்கினார்கள்.

இரண்டாவது, காந்தத்தால் இழுக்கக்கூடிய துகள். மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடு நானோ துகளுக்கு எண்ணெய்த் துளியில் ஒட்டும் பூச்சு கொடுத்து, பால் நிறத் தண்ணீரில் கலக்கி, காந்தத்தை வைத்தால் துகள் எண்ணெயோடு சேர்ந்து ஓரமாக வந்துவிடும். சின்னத் துளிகளுக்கு இது ஸ்பாஞ்சை விட நல்லது. ஆனால் திரும்பப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் கரைப்பானில் கழுவ வேண்டும், அந்தக் கரைப்பானை என்ன செய்வது என்ற அடுத்த தலைவலி வரும். சின்னப் பட்டறைக்கு நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது தலைகீழ் வகை, தண்ணீரை விட்டு எண்ணெயைத் தடுக்கும் வலை. நனைந்த நிலையில் இதன் மேல் எண்ணெய் ஒட்டாது, அதனால் அடைப்பும் குறைவு. தண்ணீர் அதிகம், எண்ணெய் கொஞ்சம் என்ற இடத்தில் இது நன்றாக இருக்கும். ஆனால் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கேளுங்கள். 50 மைக்ரான் துளை உள்ள வலை, சோப்பில்லாத தண்ணீரில், மிக நல்ல நிலைமையில் சுமார் 24 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்து அழுத்தம் வரைதான் எண்ணெயைத் தடுக்கும். சோப்பு கலந்து எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட இழுவிசை பத்தில் ஒன்றாகக் குறைந்தால் அதுவும் இரண்டரை சென்டிமீட்டருக்கு வந்துவிடும். பம்ப் வைத்துத் தள்ளினால் எண்ணெயும் சேர்ந்து ஓடிவரும். அப்புறம், காய விட்டால் இதன் குணமே போய்விடலாம், எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும்.

ஆகவே இனி முதல் வகையைப் பற்றியே பேசுகிறேன்.

“தன் எடையைப் போல 90 மடங்கு” என்றால் என்ன

இந்த எண்ணை வைத்துத்தான் விற்பனையே நடக்கிறது. 2010-ல் சீன ஆய்வாளர்கள் கார்பன் நானோகுழாய் ஸ்பாஞ்ச் தன் எடையைப் போல 180 மடங்கு வரை உறிஞ்சுவதாகக் காட்டினார்கள். 2017-ல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகம் அறிவித்த ஓலியோ ஸ்பாஞ்ச் 90 மடங்கு வரை. 2020-ல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வினாயக் திராவிட் குழு வெளியிட்ட காந்த ஸ்பாஞ்ச் 30 மடங்குக்கு மேல், ஆனால் 40 முறைக்கு மேல் திரும்பப் பயன்படுத்தலாம் என்றார்கள்.

180 பெரிது, 30 சிறிது என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஸ்பாஞ்ச் எண்ணெயை வைத்துக்கொள்வது அதன் ஓட்டைகளில்தானே. சாதாரணப் பாலியூரித்தேன் ஃபோம் லிட்டருக்கு 25 கிராம் எடை இருக்கும், அதில் கிட்டத்தட்ட 98 சதவீதம் ஓட்டை. அந்த ஓட்டை முழுக்க எண்ணெய் நிரம்பினால் சுமார் 840 கிராம், அதாவது 34 மடங்கு. நானோகுழாய் ஸ்பாஞ்ச் லிட்டருக்குப் பத்து கிராம்கூட இல்லாத லேசான பொருள், அதனால் மடங்குக் கணக்கு நூறைத் தாண்டுகிறது. அதுவும் ஒரு லிட்டர் ஸ்பாஞ்சில் ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய்தான் வைத்துக்கொள்ளும், வேறு இடம் எங்கே இருக்கிறது? எடைக்கு எத்தனை மடங்கு என்று சொன்னால், ஒரு லிட்டர் ஸ்பாஞ்சுக்கு எத்தனை கிராம், பத்தாவது பிழிதலில் எத்தனை கிராம் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்பவரிடம் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

சொல்லப்போனால் நானோ பூச்சு கொள்ளளவைக் கூட்டுவதில்லை, தண்ணீரை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பூச்சில்லாத ஃபோமும் எண்ணெயைக் குடிக்கும், கூடவே தண்ணீரையும் குடித்துவிடும்.

காந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சின்னத் தொட்டியில் போடும் ஸ்பாஞ்சை எடுக்கக் காந்தம் எதற்கு? நைலான் கயிறு கட்டி இழுத்தாலும் வரும்.

சோதனைக்கு நீங்களே ஒன்று செய்து பார்க்க

வாங்குவதற்கு முன் கைப்படச் செய்து பார்த்தால் விற்பவர் பேச்சு புரியும். அடர்த்தி குறைந்த பாலியூரித்தேன் ஃபோமை குஷன் கடையில் வெட்டு மிச்சமாகவே வாங்கலாம். வாயால் ஊதினால் மறுபக்கம் காற்று வர வேண்டும், வராவிட்டால் அது மூடிய அறைகள் கொண்டது, உதவாது.

ஃபோமை இரண்டு சென்டிமீட்டர் கட்டிகளாக வெட்டி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒருமுறை முக்கி, காய வையுங்கள். 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கி, ஒரு கிராம் ஸ்டீரிக் அமிலத்தைக் கரையுங்கள். பக்கத்தில் நெருப்பு, ஹீட்டர் கம்பி, கிரைண்டிங் பொறி எதுவும் இருக்கக் கூடாது, இதன் ஆவி அறை வெப்பநிலையிலேயே பற்றும். அதில் ஒரு கிராம் மேக்னடைட் நானோ துகளைச் சேர்த்து அல்ட்ராசோனிக் கிளீனரில் அரை மணி நேரம் வையுங்கள். பாகம் கழுவ பல பட்டறையில் அந்த மெஷின் இருக்கும். துகளைக் காய்ந்த பொடியாகக் கையாளும்போது என்95 முகமூடி, கையுறை கட்டாயம். காற்றாடியை நிறுத்திவிட்டு எடை போடுங்கள்.

கட்டிகளை இந்தக் கலவையில் முக்கி, இரண்டு மூன்று முறை அமுக்கி விட்டு, பிழிந்து, நல்ல காற்றோட்டத்தில் ஆல்கஹால் முழுதும் பறக்கும் வரை வைத்து, பிறகு 60, 70 டிகிரியில் இரண்டு மணி நேரம் காய வையுங்கள். ஈரமாக இருக்கும்போது ஓவனுக்குள் வைத்தால் வெடிக்கும். சமையல் செய்யும் ஓவனும் வேண்டாம்.

இது பழகுவதற்குத்தான். ஸ்டீரிக் அமிலம் சூடான எண்ணெயிலும் கரைப்பானிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். பட்டறையில் தினசரி ஓட வேண்டியது சிலிகோன் ரப்பர் போன்ற பசை வைத்து துகளைக் கெட்டியாகப் பிடித்த வகையாக இருக்கட்டும். வாங்கும்போது துகளை எதை வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

வாங்கியதையும் செய்ததையும் சோதிக்கும் விதம்

ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து ஸ்பாஞ்ச் மேல் ஒரு துளி விடுங்கள். கண்ணுக்கு நேராக வைத்து பக்கவாட்டில் ஃபோனில் படம் எடுங்கள். துளி கிட்டத்தட்ட முழு உருண்டையாக நின்று, லேசாகச் சாய்த்ததும் உருண்டு ஓடினால் பூச்சு நன்றாக இருக்கிறது. தொடுகோணம், அதாவது துளியின் ஓரம் பரப்போடு சேரும் கோணம், 90 டிகிரியைத் தாண்டினாலே தண்ணீர் ஒட்டாத வகை, 150-ஐத் தாண்டினால் அதன் உச்சம். துளி மெல்லப் பரந்து உள்ளே இறங்கினால் திருப்பி அனுப்பிவிடுங்கள். கட்டியை நடுவில் வெட்டி உள்பக்கமும் துளி விட்டுப் பாருங்கள், மேல்தோலில் மட்டும் பூச்சு ஏற்றியவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

அடுத்ததுதான் அசல் சோதனை. ஒரு கட்டியைக் காய்ந்த நிலையில் எடை போடுங்கள், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு போதும். உங்கள் பட்டறை எண்ணெயும் உங்கள் பட்டறைத் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, சொட்டு நின்றதும் எடை. பிழிந்து மறுபடி எடை. ஊறிய எடையிலிருந்து பிழிந்த எடையைக் கழித்தால் வருவதுதான் அந்தச் சுற்றின் உண்மையான வேலை. இப்படிப் பத்துச் சுற்று.

முதல் சுற்றுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இறக்கம் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பிழிந்தாலும் ஓட்டைகளில் கொஞ்சம் எண்ணெய் தங்கிவிடுவதுதான் காரணம். இரண்டாவது சுற்றிலிருந்து இந்த எடை ஏறக்குறைய சமமாகப் போக வேண்டும். பத்தாவது சுற்று இரண்டாவதன் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் நான் அந்தப் பொருளை வாங்க மாட்டேன்.

எடையை மட்டும் நம்பினாலும் ஏமாறுவீர்கள், எண்ணெய்க்குப் பதில் தண்ணீரைக் குடித்தும் எடை ஏறும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் பிழிந்ததை ஒரு அளவுக் குழாயில் ஊற்றி அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர் கோடு தெரியும். முதல் சுற்றுகளில் மெல்லிசாக இருந்த அந்தக் கோடு சுற்றுக்குச் சுற்று தடித்துக்கொண்டே போனால், பூச்சு கழன்று வருகிறது அல்லது சோப்பு ஒட்டிவிட்டது. தராசு காட்டுவதற்கு முன்பே இந்தக் கோடு காட்டிவிடும்.

கடைசியாக, ஒரு கட்டியைக் குழாய்த் தண்ணீரில் போட்டு நன்றாகக் குலுக்கி ஒரு நாள் விடுங்கள். காந்தத் துகள் உள்ள வகையாக இருந்தால், கட்டியை எடுத்துவிட்டு பாட்டில் வெளிச்சுவரில் பலமான காந்தத்தை ஒட்டி வையுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் நியோடிமியம் காந்தம் கிடைக்கும். உள்ளே காந்தத்துக்கு நேராகப் பழுப்புத் தீற்றல் சேர்ந்தால் துகள் உதிர்கிறது. எண்ணெயை எடுத்துவிட்டு நானோ துகளை ஆற்றில் விடுவதில் என்ன லாபம்?

பட்டறையில் ஓட விடுவது

நாலு அங்குல பி.வி.சி. குழாய், இரண்டடி நீளம், உள்ளே சுமார் நாலே முக்கால் லிட்டர் இடம். இரண்டு சென்டிமீட்டர் கட்டிகளை நெருக்கமாக, ஆனால் நசுங்காமல் நிரப்புங்கள், மொத்தம் நூறு கிராம் சொச்சம் பிடிக்கும். மேலும் கீழும் துருப்பிடிக்காத வலை. தண்ணீர் கீழிருந்து மேலே போகட்டும், அப்போதுதான் உள்ளே சிக்கிய காற்று வெளியேறும், தண்ணீர் ஒரே சந்தில் புகுந்து ஓடுவதும் குறையும். நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். உள்ளே நாலரை நிமிடமாவது எண்ணெய்த் துளி ஸ்பாஞ்சைச் சந்திக்க நேரம் வேண்டும்.

ஒரு நாளைக்கு 200 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 500 மில்லிகிராம் எண்ணெய் என்று வைத்துக்கொண்டால் தினமும் சேர்வது 100 கிராம் எண்ணெய். நூறு கிராம் ஸ்பாஞ்ச், கிராமுக்கு 20 கிராம் எண்ணெய் என்ற நடைமுறைக் கணக்கில் 2 கிலோ பிடிக்கும். ஆனால் நிரம்பும் வரை ஓட்டினால் அதற்கு வெகு முன்பே வெளியே வரும் தண்ணீரில் எண்ணெய் தெரிய ஆரம்பித்துவிடும். பாதிக்கு மேல் போக விடாதீர்கள், அதாவது வாரம் ஒருமுறை பிழிந்தால் கச்சிதம். 200 லிட்டரும் ஓடி முடிய மூன்று மணி இருபது நிமிடம் ஆகும், ஒரு ஷிஃப்டுக்குள் முடிந்துவிடும்.

தொட்டியில் எண்ணெய் தனியாக மிதந்து, பெல்ட் ஸ்கிம்மரும் இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சின்னப் பம்பின் உறிஞ்சு குழாய் முனையை ஸ்பாஞ்ச் கட்டிக்குள் செருகி, படலத்தின் மேல் மிதக்க விடுங்கள். ஸ்பாஞ்ச் எண்ணெயை மட்டும் உள்ளே விடும், பம்ப் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். பிழியும் வேலையே இல்லை, கொள்ளளவும் பிரச்சினையில்லை. இழுவை மட்டும் மெதுவாக இருக்க வேண்டும், பலமாக இழுத்தால் தண்ணீரும் புகுந்துவிடும். 2017 ஜனவரியில் எண்ணூரில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது பக்கெட்டில் அள்ளியதை எல்லோரும் பார்த்தோம். அந்தக் கெட்டியான கறுப்பு எண்ணெய்க்கு ஸ்பாஞ்சும் திணறியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும், எண்ணெய் ஓட்டைக்குள் ஏறுவதற்கு அது ஓடும் பதத்தில் இருக்க வேண்டும். பட்டறையிலும் கிரீஸ் கலந்த எண்ணெய்க்கு இது உதவாது.

பிழிந்து திரும்பப் பயன்படுத்துவது

கையால் முறுக்கிப் பிழியாதீர்கள், ஃபோம் கிழியும், பூச்சு உதிரும். மாப் பிழியும் பக்கெட் நல்லது, இரண்டு ரோலருக்கு நடுவில் விட்டால் இன்னும் நல்லது. நேராக அமுக்கி விட வேண்டும், திருகக் கூடாது. வந்த எண்ணெயை ஒரு நாள் நிறுத்தி, அடியில் தங்கிய தண்ணீரைத் திரும்பக் கழிவுநீர்த் தொட்டிக்கே விடுங்கள்.

துளி சோதனை தேறாமல் போனால், அதாவது சோப்பு ஒட்டிவிட்டால், முதலில் வெறும் நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காய வைத்துப் பாருங்கள், பல சமயம் அதிலேயே பாதி குணம் திரும்பும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு முக்கு, ஆனால் ஸ்டீரிக் அமிலப் பூச்சுக்கு இது கூடாது. பெட்ரோல், தின்னர் இரண்டையும் தொடாதீர்கள், தீப்பிடிக்கும், ஃபோமும் ஊதிப் பெருகிவிடும்.

எண்ணெயை எரித்து ஸ்பாஞ்சைச் சுத்தம் செய்யலாம் என்று படித்திருப்பீர்கள். அது நானோகுழாய், கிராஃபீன் மட்டுமே கொண்ட கார்பன் ஸ்பாஞ்சுக்கு. பாலியூரித்தேனை எரித்தால் ஸ்பாஞ்சும் போகும், ஹைட்ரஜன் சயனைடு கலந்த புகையும் வரும்.

ஒரு நோட்டில் தேதி, ஓடிய லிட்டர், பிழிந்த எண்ணெய், அடியில் நின்ற தண்ணீர் நான்கையும் எழுதி வாருங்கள். சூப்பர்வைசர் மாறினாலும் ஸ்பாஞ்ச் எப்போது மாற்ற வேண்டும் என்பது அதிலேயே தெரியும்.

லேப் சோதனை

கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீரிலும் எண்ணெய் வரம்பைத் தாண்டியிருக்கலாம். பொது விதிப்படி ஆறு, ஏரி போன்ற நீர்நிலைகளில் விட எண்ணெய், கிரீஸ் லிட்டருக்கு 10 மில்லிகிராம், பொதுச் சாக்கடையில் விட 20. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த உங்கள் அனுமதி உத்தரவில் வேறு எண் இருந்தால் அதுதான் உங்களுக்குச் சட்டம், எடுத்துப் படியுங்கள்.

மாதிரி எடுக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அகலவாய்க் கண்ணாடி பாட்டிலில்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் எண்ணெய் சுவரில் ஒட்டிக்கொண்டு, ரிப்போர்ட்டில் குறைத்துக் காட்டும், உங்களுக்கே தெரியாமல் நீங்கள் வரம்பு மீறிக்கொண்டிருப்பீர்கள். மற்ற சோதனைகளுக்குச் செய்வதுபோல அதே தண்ணீரில் பாட்டிலை முன்கூட்டி அலசவும் கூடாது, அலசினால் சுவரில் எண்ணெய் சேர்ந்து அதிகமாகக் காட்டும். விளிம்பு வரை நிரப்பாமல், பெரிய பாட்டிலில் எடுத்து சின்னதுக்கு மாற்றாமல், நேராகப் பிடியுங்கள். அமிலம் விட்டு பி.எச். இரண்டுக்குக் கீழே கொண்டுவந்து, குளிரில் வைத்து அனுப்ப வேண்டும், அந்த அமிலத்தை லேப்காரர்களிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்.ஏ.பி.எல். (லேப்களுக்குத் தரச் சான்று தரும் அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப் என்றால் நல்லது. ஸ்பாஞ்சுக்கு முன்னால் ஒரு மாதிரி, பின்னால் ஒரு மாதிரி, ஒரே நாளில் எடுங்கள். பின்னால் எடுத்ததை மட்டும் கொடுத்தால் ஸ்பாஞ்ச் என்ன செய்தது என்பது கடைசி வரை தெரியாது.

தேய்ந்த ஸ்பாஞ்சும் பிழிந்த எண்ணெயும்

2016-ன் அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெயும் எண்ணெய் தோய்ந்த கழிவும் பட்டியலில் உள்ளவை. தேய்ந்த ஸ்பாஞ்ச், படிகாரம் போட்டு வந்த கட்டி, வடிகட்டிய துணி எல்லாம் இதில் சேரும். மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடக் கூடாது, டீக்கடை அடுப்புக்கும் கொடுக்கக் கூடாது. பிழிந்த எண்ணெயை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்தால் கொஞ்சம் காசும் வரும், தண்ணீர் கலந்திருந்தால் விலையைக் குறைப்பார்கள். ஸ்பாஞ்சையும் கட்டியையும் மூடியுள்ள டிரம்மில், லேபிள் ஒட்டி, கூரைக்குக் கீழே, கசிந்தால் தேங்க ஒரு தட்டோடு வையுங்கள். பொதுவாக 90 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அபாயகரக் கழிவை ஏற்கும் இடம் தும்கூரு சாலையில் டாபஸ்பேட்டையில் இருக்கிறது, பீன்யாவிலிருந்து ஒரே சாலைதான். அனுப்பும்போது படிவம் 10 என்ற அனுப்புகைச் சீட்டை நிரப்பி, நகலை ஸ்பாஞ்ச் நோட்டோடு சேர்த்து அதே ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.